பணியிடையே படிப்பு: தகுதித் தேர்வுக்குக் காலம் வகுத்தல்

முன்னுரை

கல்லூரியை விட்டுச் சென்ற மாணவர்கள் நம்மைக் காண வரும்போது, நலம் உசாவிய பின்னர் அவர்கள் சொல்லும் முதற்சொல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "படிக்க வேண்டும் ஐயா, ஆனால் நேரந்தான் இல்லை." ஒருவர் தனியார் பள்ளியில் ஆசிரியர், ஒருவர் துணிக்கடையில் கணக்கர், ஒருவர் தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், மற்றொருவர் சுயநிதிப் பிரிவில் குறைந்த ஊதியம் பெறும் விரிவுரையாளர். அனைவரும் தமிழில் முதுகலை பயின்றோர். அனைவரும் எழுத விரும்புவது தேசியத் தகுதித் தேர்வாகிய நெட் தேர்வு.

இத்தேர்வு இவர்களுக்கு வெறும் அணிகலன் அன்று. ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றோர்க்கு ஒரு காலத்தில் இத்தேர்விலிருந்து விலக்கு இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் அவ்விலக்கை நீக்கின. 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அப்பட்டப் படிப்பையே நிறுத்திவிட்டன. அதற்கு முன் பெற்ற பட்டங்கள் மட்டும் செல்லும். 2023 ஜூலையில் வந்த அறிவிப்பு, உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்திற்கு நெட், செட், ஸ்லெட் ஆகியவற்றுள் ஒன்றில் பெறும் தேர்ச்சியையே குறைந்த அளவுத் தகுதியாக வகுத்தது. ஆகவே, பத்தாண்டு வகுப்பெடுத்த ஆசிரியரும் மீண்டும் மாணவராக அமர வேண்டியுள்ளது. வேலையை விட்டுவிட்டுப் படிக்க இவர்களுள் பலருக்கு வசதி இல்லை. வேலையோடு படிப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

தேர்வின் இயல்பு

காலத்தை வகுக்குமுன், எதற்காக வகுக்கிறோம் என்பதை அறிதல் வேண்டும். நெட் தேர்வு இரு தாள்களைக் கொண்டது. முதல் தாள் அனைவர்க்கும் பொதுவானது. 50 வினாக்கள், 100 மதிப்பெண்கள். இரண்டாம் தாள் அவரவர் பாடத்திற்கு உரியது. 100 வினாக்கள், 200 மதிப்பெண்கள். இடைவேளை இன்றி இரண்டையும் 3 மணி நேரத்தில் முடித்தல் வேண்டும். 150 வினாக்களுக்கு 180 நிமிடம் என்றால், ஒரு வினாவுக்கு 72 நொடிகளே கிடைக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆதலால் எந்த வினாவையும் விடையின்றி விடுதல் கூடாது.

முதல் தாள் 10 அலகுகளை உடையது. கற்பித்தல், ஆய்வு, வாசித்துணர்தல், கருத்துப் பரிமாற்றம், கணிதத் திறன், தருக்கம், புள்ளிவிவர விளக்கம், தகவல் தொழில்நுட்பம், மக்களும் சுற்றுச்சூழலும், உயர்கல்வி அமைப்பு என்பன அவை. அலகிற்கு 5 வினாக்கள் வீதம் அமையும். தமிழ் பயின்றோர்க்கு இத்தாளே பெருந்தடை. இது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகிறது. மேலும், பள்ளிப் படிப்போடு கணக்கை விட்டுவிட்டவர்கள் நாம்.

இரு தாளையும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 40 விழுக்காடும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 35 விழுக்காடும் பெறுதல் வேண்டும். அதனைப் பெற்றோர் அனைவரும் தேறிவிடுவதில்லை. இரு தாளையும் எழுதியோருள் 6 விழுக்காட்டு அளவினரே தேர்ந்தெடுக்கப்பெறுகின்றனர். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. இளநிலை ஆய்வு நல்கைக்கு மட்டுமே 30 வயது என்னும் வரம்பும், சில பிரிவினர்க்குத் தளர்வும் உண்டு. நாற்பது கடந்தோரும் தயங்காது எழுதலாம்.

நாம் செய்த பிழை

பிறர்க்கு உரைக்குமுன் நம் பிழையைக் கூறுதல் முறை. நாம் முதன்முறை இத்தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, "கோடை விடுமுறையில் படித்துக்கொள்ளலாம்" என்று எண்ணினோம். ஏப்ரல் முழுவதும் பருவத் தேர்வுப் பணி. மே மாதத்தில் விடைத்தாள் திருத்தம். அதன்பின் உறவினர் இல்லத் திருமணங்கள். இறுதியில் எஞ்சியவை பன்னிரண்டு நாள்களே. அந்நாள்களில் நமக்கு நன்கு தெரிந்த சங்க இலக்கியத்தையே மீண்டும் மீண்டும் படித்தோம். முதல் தாளைத் தொடவே அஞ்சினோம். விளைவு வேறென்னவாக இருத்தல் கூடும்? தமிழ்த் தாள் கைகொடுத்தது, பொதுத்தாள் கைவிட்டது.

இரண்டாம் முறையும் ஏறத்தாழ அவ்வாறே ஆயிற்று. பிறகுதான் ஓர் உண்மை புலப்பட்டது. நாம் எஞ்சும் நேரத்தில் படிக்க எண்ணினோம். பணியில் இருப்பவர்க்கு நேரம் எஞ்சுவதே இல்லை. எஞ்சியதைப் படிப்புக்குக் கொடுப்பதை விடுத்து, படிப்புக்கு உரியதை முதலில் எடுத்துவைத்த பின்னரே மூன்றாம் முறை தேறினோம்.

நேரத்தை எண்ணுதல்

நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர், இரு குழந்தைகளின் தாய், தனியார் பள்ளி ஆசிரியை, நேரம் இல்லை என்று கூறியபோது நாம் அறிவுரை எதுவும் வழங்கவில்லை. ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்து, ஏழு நாள், காலை முதல் இரவு வரை செய்வனவற்றை மணிக்கணக்கோடு எழுதிவரச் சொன்னோம். படிப்பதற்காக எதையும் மாற்ற வேண்டா, உள்ளதை உள்ளவாறே எழுதுக என்றோம். எட்டாம் நாள் அவரே வியப்போடு வந்தார். சுபுஹுத் தொழுகைக்கு எழுபவர், தொழுதபின் மீண்டும் படுத்துவிடுகிறார். இரவில் இஷாத் தொழுகைக்குப் பின் ஒன்றேகால் மணி நேரம் கைப்பேசியில் கழிகிறது. பேருந்தில் போக 40 நிமிடம், வர 40 நிமிடம்.

அக்குறிப்பேட்டைக் கொண்டு அவருடன் அமர்ந்து வகுத்த கால அட்டவணை பின்வருமாறு:

திங்கள் முதல் சனி வரை, சுபுஹுக்குப் பின் காலை 5.15 முதல் 6.30 வரை, நாளொன்றுக்கு 1¼ மணி: 7½ மணி நேரம்.

திங்கள் முதல் வியாழன் வரை, இஷாவுக்குப் பின் அரை மணி: 2 மணி நேரம்.

சனிக்கிழமை பிற்பகல்: 1½ மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 2 மணி, அஸருக்குப் பின் 2 மணி: 4 மணி நேரம்.

ஆக, வாரத்திற்கு 15 மணி நேரம். வெள்ளி இரவைக் குடும்பத்திற்கென விட்டுவிட்டோம். பேருந்து நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. நெரிசலில் நின்றுகொண்டு புதியதைக் கற்றல் அரிது. கற்றதை நினைவுகூரலாம், அவ்வளவே.

அவர் உடனே, "24 வாரத்தில் 360 மணி!" என மகிழ்ந்தார். ஆயின் அத்தொகை தாளில் மட்டுமே உள்ளது. குழந்தைக்குக் காய்ச்சல் வரும், விருந்தினர் வருவர், பள்ளியில் ஆண்டு விழா நடக்கும். எனவே ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, வாரத்திற்கு 12 மணி என்றே கொண்டோம். 24 வாரத்திற்கு 288 மணி நேரம். இதுவே நம்பத்தக்க முதல். வருவாய் முழுவதையும் செலவுக்கு ஒதுக்கும் குடும்பம் கடனில் விழுவது போல, உள்ள நேரம் முழுவதையும் ஒதுக்கும் மாணவர் இரண்டாம் வாரமே பின்தங்கிப் போவார். பின்தங்கியவர் மனம் தளர்ந்து அட்டவணையையே கிழித்தெறிவார்.

ஐவேளைத் தொழுகை நம் நாளை முன்னரே பகுத்துத் தந்திருப்பது ஈண்டுக் கருதத்தக்கது. "காலையில் படிப்பேன்" என்பது உறுதியற்ற சொல். "சுபுஹு தொழுத பாயை மடித்தவுடன் படிப்பேன்" என்பது உறுதியான சொல். ஏற்கெனவே வழக்கமாகிவிட்ட ஒரு செயலோடு புதிய செயலைப் பிணைத்தால், அதனை நினைவூட்ட வேறொருவர் தேவையில்லை.

பாடத்தைப் பங்கிடுதல்

288 மணி நேரத்தை எவ்வாறு பங்கிடுவது? தமிழ்ப் பாடத்தைச் சங்கம் முதல் இக்காலம் வரையுள்ள இலக்கியம், இலக்கணம், மொழியியல், திறனாய்வு, பண்பாடு எனத் தொடரும் பாடத்திட்டத்தைக் கண்டு, 10 பெரும்பிரிவாக வகுத்துக்கொள்ளலாம். பிரிவொன்றுக்கு 15 மணி வீதம் 150 மணி. முதல் தாளின் 10 அலகுகளுக்கு அலகொன்றுக்கு 7 மணி வீதம் 70 மணி. மாதிரித் தேர்வுகள் 8. ஒவ்வொன்றையும் எழுத 3 மணி, பிழைகளை ஆராய 2 மணி, ஆக 40 மணி. எஞ்சிய 28 மணி இறுதித் திருப்புதலுக்கு. கூட்டினால் 288 வரும்.

இது பொதுக்கணக்கே. தருக்கத்தில் வல்லவர் அங்கே 4 மணியோடு நிறுத்தி, மிகுந்ததைப் புள்ளிவிவரத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆயின் ஒன்றை வலியுறுத்துகிறோம்: விரும்பும் பாடத்தை நேரம் தேடித் தானே வந்துசேரும், அஞ்சும் பாடத்திற்கே அட்டவணை தேவை. ஆகவே புத்தி தெளிந்திருக்கும் காலைப் பொழுதில், வாரத்திற்கு இரு நாளேனும் முதல் தாளுக்கு ஒதுக்குதல் வேண்டும். இரவு அரை மணியில் புதியது எதையும் தொடாது, காலையில் படித்ததைத் திருப்புதலே போதும். வாசித்துணர்தலுக்கு, நாள்தோறும் ஆங்கில நாளேட்டின் தலையங்கம் ஒன்றைப் படித்து அதன் கருத்தைத் தமிழில் மூன்று வரியில் எழுதிப் பழகுதல் நலம் தரும்.

அறிவிப்பு வந்தபின் தொடங்கலாம் என்றிருத்தலும் தவறு. அறிவிப்புக்கும் தேர்வுக்கும் இடையில் சில வாரங்களே கிடைக்கின்றன. விண்ணப்பத்திற்கு வேண்டிய சான்றிதழ்களை முன்னரே பெற்று வைத்தல் வேண்டும். மாநில அரசு வழங்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்புச் சான்றிதழ் வேறு. நடுவணரசுத் தேர்வுக்குரிய இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வேறு. கடைசி வாரத்தில் வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நிற்பவர் இழப்பது படிப்பு நேரத்தையே அன்றோ?

படிக்கும் முறை

ஒரு மணி நேரம் நூலின்முன் அமர்ந்திருத்தல் வேறு; ஒரு மணி நேரம் கற்றல் வேறு. ஜெர்மானிய உளவியல் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று ஆராய்ந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். கற்ற சிறிது பொழுதிலேயே மறதி விரைந்து நிகழ்கிறது, பின்னர் அதன் விரைவு குறைகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே படித்ததை மறுநாளும், ஏழாம் நாளும், முப்பதாம் நாளும் மீட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரே நாளில் நான்கு முறை படிப்பதைவிட இடைவிட்டு நான்கு நாள் படிப்பது நிலைக்கும். பணியில் இருப்பவர்க்கு இது நற்செய்தி. சிறு சிறு பொழுதாகவே கிடைக்கும் அவருடைய நேரம், இம்முறைக்கு மிகவும் ஏற்றது.

மீட்டுப் பார்ப்பதென்றால் மறுபடி வாசிப்பதன்று. நூலை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் எழுதிப் பார்த்தலே அது. காட்டாக, காப்பியங்களை எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரம் 3 காண்டம், 30 காதை: புகார்க் காண்டம் 10, மதுரைக் காண்டம் 13, வஞ்சிக் காண்டம் 7. மணிமேகலை காண்டப் பிரிவின்றி 30 காதை. உமறுப்புலவரின் சீறாப்புராணமோ விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என 3 காண்டம், 92 படலம், 5027 பாடல். இவற்றை ஒரே தாளில் கட்டமிட்டு எழுதி, மறுநாள் காலை நூலைத் திறக்குமுன் நினைவிலிருந்து எழுத முயல வேண்டும். எழுத இயலாத கட்டமே நாம் படிக்க வேண்டிய இடம். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகிய இசுலாமியத் தமிழ் வகைமைகளையும் இவ்வாறே அட்டவணைப்படுத்தலாம். நம் வீட்டு நூல்கள்தாமே என்ற எண்ணத்தில் இவற்றைத் திருப்பாது செல்வோர் நம் மாணவருள் பலர்.

அம்மாணவி இத்தகைய தாள்களை அஞ்சலட்டை அளவில் வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பேருந்துப் பயணம் அவற்றுக்குப் பயன்பட்டது. மாதிரித் தேர்வுகளை மட்டும் 3 மணி நேரம் எழாது அமர்ந்து, கணினியிலேயே எழுதினார். 72 நொடியில் முடிவெடுத்தலும் ஒரு பயிற்சியே.

நோன்பும் பிற இடையூறுகளும்

ரமலான் மாதம் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து வருவது. படிப்புக் காலத்தின் நடுவே அது வருமாயின், அதனை முன்னறிந்து திட்டமிடுதல் வேண்டும். நோன்பு காலத்தில் பகலில் பணி, மாலையில் நோன்பு திறத்தலுக்கான ஆயத்தம், இரவில் தராவீஹ் தொழுகை. அந்நான்கு வாரங்களுக்கு வாரம் 6 மணி நேரமே கொள்வோமாயின் 24 மணி நேரம் குறையும். இரண்டு வாரம் முன்னதாகப் படிப்பைத் தொடங்கினால் அது ஈடாகிவிடும். ஸஹர் உணவுக்கும் சுபுஹுக்கும் இடைப்பட்ட சிறுபொழுது திருப்புதலுக்கு ஏற்றது. வணக்கத்திற்குரிய மாதத்தில் படிப்பு குறைந்ததே என்று வருந்தவோ, படிப்பின் பொருட்டு வணக்கத்தைச் சுருக்கவோ வேண்டா. கணக்கு முன்னரே போடப்பட்டிருந்தால் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும்.

நம் கையில் இல்லாத இடையூறுகளும் உள. 2024 ஜூன் 18 அன்று நடந்த நெட் தேர்வு மறுநாளே நீக்கம் செய்யப்பட்டு, ஆகஸ்ட் 21 முதல் மீண்டும் நடத்தப்பெற்றது. 2024 டிசம்பர்த் தேர்வு 2025 ஜனவரியில்தான் நடந்தது. தேர்வு முடிந்ததென நூல்களைக் கட்டி வைத்தோர் அன்று திகைத்தனர். இத்தகைய காலத்தில் புதிய அட்டவணை தேவையில்லை. வாரத்திற்கு 5 அல்லது 6 மணி நேரத் திருப்புதலை மட்டும் விடாது தொடர்ந்தால் கற்றது அழியாது.

இல்லத்தார்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும்

அட்டவணையை எழுதுவது மாணவர். அதனைக் காப்பது இல்லம். அம்மாணவியின் காலைப் பொழுது முதல் இரு வாரங்களில் நான்கு நாள் மட்டுமே நிலைத்தது. குழந்தைகளுக்குச் சிற்றுண்டி, கணவருக்குத் தேநீர் என அடுப்படி அழைத்துக்கொண்டே இருந்தது. நிலைமையை உணர்ந்த அவருடைய மாமியார், "ஏழு மணி வரைக்கும் அடுப்படிப் பக்கம் வராதேம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாராம். தாம் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அம்மூதாட்டி. நாம் வகுத்துக் கொடுத்த எல்லாக் கணக்கையும்விட அவர் சொன்ன அந்த ஒரு சொல்லே பெரிது என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறோம்.

அம்மாணவி முதன்முறை தேறவில்லை. முதல் தாளில் சில மதிப்பெண்கள் குறைந்தன. ஆயின் முன்னர் நாம் தோற்றதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. எந்த அலகில் எத்தனை மணி நேரம் படித்தார் என்ற குறிப்பு அவரிடம் இருந்தது. புள்ளிவிவர விளக்கத்திற்கு ஒதுக்கிய 7 மணியில் 2 மணியே படித்திருந்தார். குறை எங்கே என்று தெரிந்தமையால் அழுது ஓயாது, அடுத்த திங்களே மீண்டும் தொடங்கினார். இரண்டாம் முறை உதவிப் பேராசிரியர் தகுதி பெற்றார்.

சமுதாயப் பெரியோரிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊர்களில் இரண்டறை வீட்டில் ஏழெட்டுப் பேர் வாழும் குடும்பங்கள் பல. அங்கே படிப்பவர்க்கு நேரம் இருந்தாலும் இடம் இல்லை. பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாக் கூடங்களும் ஜமாஅத் கட்டடங்களும் நாளின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. சுபுஹு முதல் ஏழு மணி வரையிலும், மஃரிபு முதல் இஷா வரையிலும் ஒரு கூடத்தைத் திறந்து, விளக்கும் நாற்காலியும் அளித்தால் போதும். பெண்களுக்கெனத் தனியிடமும் நேரமும் ஒதுக்கினால் இன்னும் சிறப்பு. கல்லூரி நூலகம் ஞாயிற்றுக்கிழமை அரை நாளேனும் முன்னாள் மாணவர்க்குத் திறந்திருக்க நிருவாகத்தினர் ஆவன செய்வாராக. பெரும் பொருட்செலவு வேண்டாத அறங்கள் இவை.

முடிவுரை

ஏழு நாள் குறிப்பெழுதி நேரத்தை எண்ணுதல், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தல், எஞ்சியதைப் பாடத்திற்குப் பங்கிடுதல், அஞ்சும் பாடத்திற்குக் காலைப் பொழுதைத் தருதல், இடைவிட்டு மீட்டுப் பார்த்தல், படித்த மணி நேரத்தைக் குறித்து வைத்தல் ஆகியவை பணியிடையே படிப்போர்க்கு நாம் கூற விழைவன. நெட் தேர்வை முன்னிறுத்திக் கூறினோமாயினும், ஆசிரியர் தகுதித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு ஆகியவற்றுக்கும் இம்முறை பொருந்தும்.

இம்மலரைப் படிக்கும் மாணவர்கள் நாளையே ஒரு சிறு குறிப்பேடு வாங்கி முதல் நாளின் கணக்கை எழுதத் தொடங்குவார்களாக. அவர்கள் இல்லத்துப் பெரியோர், அந்தக் காலைப் பொழுதில் அவர்களை வேறு வேலைக்கு அழையாதிருப்பார்களாக. முயல்வோர்க்கு இறைவன் அருள்புரிவானாக.